டியூ கட்டும் வீட்டில் குழந்தையை யார் பார்ப்பது?

ஜூன் பிறந்துவிட்டால் கோவை மாவட்டத்துத் தொண்டாமுத்தூர் வட்டாரத்தில் பணத்துக்கு முட்டுப்பாடு. பள்ளிக்கூடம் திறக்கிறது. கட்டணம், வேன் காசு, சீருடை, ஷூ, நோட்டு எல்லாம் ஒரே வாரத்தில் வந்து நிற்கும். வைகாசிப் பட்டத்தில் நட்ட சின்ன வெங்காயம் இன்னும் மண்ணுக்குள்தான் இருக்கும். முந்தின போகத்து வெங்காயத்தைப் பட்டறை போட்டு வைத்திருப்பவர் விலை ஏறக் காத்திருப்பார். அவருக்கே கையில் காசு புரளாத மாதத்தில், அவர் தோட்டத்தில் கூலிக்குப் போகிறவர்களுக்கு எங்கிருந்து புரளும்? அடகுக் கடையிலும், குழுக் கடன் கூட்டத்திலும், ‘மூணு வட்டி’க்குக் கொடுப்பவர் வீட்டு வாசலிலும் கூட்டம் சேருவது இந்த நாள்களில்தான்.

இப்படிக் கடன் வாங்குகிறவர்களைப் பற்றி ஒரு பேச்சு எப்போதும் உண்டு. விரலுக்குத் தகுந்த வீக்கம் வேண்டாமா, செல்போனுக்கும் பைக்குக்கும் தவணை போட்டால் இப்படித்தான் என்பார்கள். அதில் கொஞ்சம் உண்மை இருக்கிறது. கொங்கு நாட்டில் காதுகுத்துக்கும் தாய்மாமன் சீருக்கும் ஆகிற செலவைப் பார்த்தவர்கள் அந்தப் பேச்சை முழுதாகத் தள்ளிவிட மாட்டார்கள். ஆனால், கணக்கைப் போட்டுப் பார்த்தால் சிக்கனம் என்ற சொல் பாதி வழிக்குமேல் வராது.

அந்தக் கணக்கை ரிசர்வ் வங்கியின் விதியிலிருந்தே தொடங்கலாம். 2022 ஏப்ரல் 1 முதல் நடப்பில் உள்ள நுண்கடன் விதிகளின்படி, ஆண்டு வருமானம் 3 லட்சம் ரூபாய் வரை உள்ள குடும்பத்துக்கு அடமானம் இல்லாமல் கொடுக்கப்படுவது நுண்கடன். அந்தக் குடும்பத்தின் எல்லாக் கடன்களுக்குமான மாதத் தவணை, மாத வருமானத்தில் பாதியைத் தாண்டக் கூடாது. 3 லட்சம் என்றால் மாதம் 25,000. தவணைக்கு உச்சவரம்பு 12,500. மிச்சம் 12,500.

இதன் பக்கத்தில் இன்னொரு அரசுக் கணக்கை வைக்க வேண்டும். 2023-24 குடும்ப நுகர்வுச் செலவுக் கணக்கெடுப்பின்படி, தமிழ்நாட்டுக் கிராமங்களில் ஓர் ஆளின் சராசரி மாதச் செலவு 5,701 ரூபாய். நாலு பேர் உள்ள வீட்டுக்கு ஏறக்குறைய 22,800. சராசரி என்பதால் அதில் தோப்புக்காரரும் இருக்கிறார், கூலிக்காரரும் இருக்கிறார். கூலிக்காரர் வீட்டுச் செலவு அதைவிடக் குறைவுதான். அப்படியே வைத்துக்கொண்டாலும், 22,800 ஆகிற ஊரில் 12,500-ஐ வைத்து நாலு பேர் சாப்பிட்டு, படித்து, வைத்தியம் பார்த்துக்கொள்ளலாம் என்று ஒரு விதி எப்படி நம்புகிறது? உச்சவரம்பை யாரும் மீறாமலேயே ஒரு குடும்பம் மூழ்குவதற்கு இந்த விதி இடம் கொடுக்கிறது.

ஒரு குடும்பத்தைக் கணக்குக்காக வைத்துக்கொள்வோம். கணவர் லோடு வண்டி ஓட்டுகிறார், மாதம் 18,000. மனைவி வெங்காயத் தோட்டத்துக்கும் பாக்கு உரிக்கவும் போகிறார், மாதம் 7,000. குழுக் கடன் 50,000 ரூபாய். குறையும் நிலுவையில் 24 சதவீத வட்டி, 24 மாதம் என்றால் டியூ சுமார் 2,640. பைக் தவணை 3,200. கைக்கடன் 40,000 மூணு வட்டிக்கு, அதாவது நூறு ரூபாய்க்கு மாதம் மூன்று ரூபாய். வட்டி மட்டும் 1,200. நகைக் கடன் 1,20,000. ஆண்டுக்கு 12 சதவீதம் என்றால் வட்டிக்கு மாதம் 1,200 எடுத்து வைக்க வேண்டும். எல்லாம் சேர்ந்து 8,240.

விதியின் கண்ணில் இது திடமான குடும்பம். இன்னொரு கடன்கூடக் கொடுக்கலாம். மிச்சம் 16,760 ரூபாயில் நாலு பேர் இழுத்துப் பிடித்து ஓட்டிவிடுவார்கள்.

இரண்டாவது குழந்தை பிறந்ததும் மனைவி வேலையை நிறுத்துகிறார். 7,000 போய்விட்டது. டியூ நிற்கவில்லை. 18,000-த்தில் 8,240 போக 9,760. இந்தக் குடும்பம் தடம் புரள்வது செல்போனால் அல்ல. குழந்தையைப் பார்த்துக்கொள்ள ஆள் இல்லாததால்.

அம்மாயி பார்த்துக்கொள்ள மாட்டாரா என்று கேட்கலாம். பார்ப்பார். ஆனால் இந்த வட்டாரத்து அம்மாயிகளில் பலர் இன்னமும் களை எடுக்கப் போகிறவர்கள். பேத்தியைப் பார்க்க அவர் வீட்டில் இருந்தால் அவருடைய கூலி நிற்கும். காசு கைமாறாததால் அது கணக்கில் வருவதில்லை, அவ்வளவுதான். நாடு தழுவிய 2024 நேரப் பயன்பாட்டுக் கணக்கெடுப்பில், கூலியில்லாத வீட்டு வேலை செய்கிறவர்களில் பெண்கள் அதற்கு நாளொன்றுக்கு 289 நிமிடமும் ஆண்கள் 88 நிமிடமும் செலவிடுவதாகத் தெரியவந்தது. கடன் ஆலோசனை சொல்கிறவர்கள் எழுதச் சொல்லும் வரவு செலவு நோட்டில் இந்த நிமிடங்களுக்குப் பத்தி கிடையாது.

சரி, எந்தக் கடனை முதலில் அடைப்பது? புத்தகக் கணக்குக்கு விடை எளிது: வட்டி அதிகம் உள்ளது எதுவோ அதை. நடைமுறையில் வரிசையைத் தீர்மானிப்பது வட்டி அல்ல, வெட்கம். குழுக் கடன் கூட்டத்தைப் பார்த்தால் இது புரியும். ஓர் உறுப்பினர் வீட்டு வாசலில் பெண்கள் வரிசையாக உட்கார்ந்திருப்பார்கள். வசூலுக்கு வந்த இளைஞர் டேப்லெட்டில் ஒவ்வொரு பெயராகத் தட்டிக்கொண்டு வருவார். ஒருவர் வரவில்லை, பணமும் வரவில்லை என்றால் யாரும் எழுந்து போக முடியாது. “ஏனுங்க அக்கா, நீங்களே போய்க் கூட்டிட்டு வந்துடுங்க” என்பார். போகிறவர் பக்கத்து வீட்டுக்காரர், அல்லது சொந்தக்காரர். வேலைக்கு நேரமாகிற எரிச்சலோடு போவார். அந்த எரிச்சலுக்குப் பயந்து, தண்டல்காரரிடம் வாங்கியாவது குழுவுக்குக் கட்டிவிடுவார்கள்.

தண்டல் என்பது என்ன விலை? 10,000 ரூபாய் என்று எழுதி, கையில் 8,500 கொடுத்து, தினம் நூறு ரூபாயாக நூறு நாள் வாங்குவதாக வைத்துக்கொள்வோம். 1,500 ரூபாய்தானே என்று தோன்றும். அசல் தினமும் குறைந்துகொண்டே வருவதைக் கணக்கில் எடுத்தால், ஆண்டு வட்டி 120 சதவீதத்தை ஒட்டி வரும். 24 சதவீதக் கடனின் மானத்தைக் காப்பாற்ற 120 சதவீதக் கடன்! இதை முட்டாள்தனம் என்று சொல்லிவிட முடியாது. நாளை காலை முகத்தில் விழிக்க வேண்டியவர்கள் குழுவில் இருக்கிறார்கள்.

மீட்டர் வட்டி, கந்து வட்டி, தண்டல் வகைகளைக் குற்றமாக்கும் சட்டம் தமிழ்நாட்டில் 2003 முதல் இருக்கிறது. வசூல் மிரட்டலுக்கு எதிராக 2025 ஏப்ரலில் சட்டமன்றம் இன்னொரு சட்டத்தை நிறைவேற்றியது. கடனாளியையோ குடும்பத்தினரையோ மிரட்டினால், பின்தொடர்ந்தால், உடைமையைப் பறித்தால் மூன்று ஆண்டு வரை சிறை, 5 லட்சம் ரூபாய் வரை அபராதம். கர்நாடகம் அதே ஆண்டு பிப்ரவரியில் அவசரச் சட்டம் கொண்டுவந்திருந்தது. வேண்டிய சட்டங்கள்தான். ஆனால், 2010இல் ஆந்திரத்தில் நடந்ததையும் மறக்கக் கூடாது. கடனாளிகளின் தற்கொலைகளுக்குப் பிறகு அக்டோபரில் வந்த அவசரச் சட்டத்தால் வசூல் நின்றது, கூடவே புதுக் கடனும் நின்றது. மிரட்டலைத் தடுக்கிற சட்டம் ஜூன் மாதத்துக் கட்டணத்தைக் கட்டித் தருவதில்லை.

கடனாளிகளுக்குச் சாதகமாக இருந்தும் பலர் காதில் விழாத விதிகள் சில உண்டு. நுண்கடனை முன்கூட்டியே அடைத்தால் அபராதம் வாங்கக் கூடாது. தவணை தவறினால், அபராதத்தைத் தவறிய தொகைக்கு மட்டுமே போடலாம், மொத்தக் கடனுக்கும் போட முடியாது. வசூலுக்காகக் காலை ஒன்பதுக்கு முன்போ மாலை ஆறுக்குப் பின்போ கூப்பிடக் கூடாது. கடன் அட்டையின் பொடி எழுத்துக்கு நடுவில் கிடக்கும் இந்த மூன்றையும் ஊராட்சி அலுவலகச் சுவரில் பெரிய எழுத்தில் எழுதி வைத்தால் என்ன குறைந்துவிடும்?

நகைக் கதை வேறு மாதிரி. 2025 முடிவதற்குள் ஒரு பவுன் விலை ஒரு லட்சத்தைத் தாண்டிவிட்டது. அதனால் அதே கொடிக்கு, அதே கிராமுக்கு, மேலும் பணம் கிடைக்கிறது. இரண்டரை லட்சம் ரூபாய் வரையிலான நகைக் கடனுக்கு நகை மதிப்பில் 85 சதவீதம் வரை தரலாம் என்று ரிசர்வ் வங்கி 2025 ஜூனில் வரம்பைத் தளர்த்தியது. அதுவரை 75 சதவீதம். சிறு கடனாளிகளுக்கு இது ஆறுதல். அதே நேரத்தில் இது ஆசையும் காட்டுகிறது: பெட்டியில் இருக்கும் பவுன் கூடவில்லை, அதன் மேல் இருக்கும் கடன் மட்டும் கூடுகிறது. கூடுதலாகக் கிடைக்கும் பணத்தை மூணு வட்டிக் கடனை அடைக்க எடுத்தால் அது நல்ல மாற்று. 40,000 ரூபாய்க்கு மாதம் 1,200 வட்டி கட்டிய இடத்தில் 400 கட்டினால் போதும். நோம்பிக்கும் டிவிக்கும் எடுத்தால் கொடி ஏலத்துக்குப் போகும். 2021இல் கூட்டுறவு வங்கிகளில் ஐந்து பவுன் வரையிலான நகைக் கடன்களை அரசு தள்ளுபடி செய்தது. அது மறுபடியும் வரும் என்று நம்பி, அசலைத் தொடாமல் வைத்திருப்பவர்களை எந்த ஊரிலும் பார்க்கலாம். ஒவ்வொரு தேர்தலுக்கும் அந்த நம்பிக்கை வட்டியோடு வளர்கிறது.

மேலே சொன்ன குடும்பத்துக்குத் திரும்பலாம். மனைவி வீட்டில் இருக்கும்வரை 40,000 கைக்கடனுக்கு வட்டி மட்டுமே கட்ட முடியும். அந்தக் கடன் எந்தக் காலத்திலும் முடியாது. மாதம் 3,000 கேட்கும் தனியார் காப்பகத்தில் குழந்தையை விட்டுவிட்டு அவர் வேலைக்குப் போகிறார் என்று வைப்போம். 7,000-த்தில் மிஞ்சுவது 4,000. அதில் பாதியைச் சாப்பாட்டுக்கு விட்டுவிட்டு, பாதியைப் பழைய வட்டிப் பணத்தோடு சேர்த்துக் கைக்கடனுக்குத் தள்ளினால் 16 மாதத்தில் முடியும். காப்பகம் இலவசமாகக் கிடைத்தால்? 7,000-த்தில் பாதி, பழைய வட்டிப் பணத்தோடு சேர்ந்து மாதம் 4,700. பத்தே மாதத்தில் கடன் தீரும். பிறகு அந்த 4,700 நகையை மீட்கப் போகும். கடனை அடைப்பது பற்றிய எத்தனை அறிவுரையாலும் இந்த வித்தியாசத்தைக் கொண்டுவர முடியாது.

குழந்தைக் காப்பகத்தைச் சட்டம் அறியாமல் இல்லை. 1948ஆம் ஆண்டுத் தொழிற்சாலைகள் சட்டம், முப்பதுக்கும் மேற்பட்ட பெண்கள் வேலை செய்யும் ஆலையில் ஆறு வயதுக்கு உட்பட்ட பிள்ளைகளுக்குக் காப்பகம் வேண்டும் என்றது. 1951ஆம் ஆண்டுத் தோட்டத் தொழிலாளர் சட்டம் தேயிலைத் தோட்டங்களுக்கும் அதையே சொன்னது. இதே கோவை மாவட்டத்து வால்பாறை அந்தச் சட்டத்துக்குள் வந்த ஊர். (இலங்கை மலையகத்தில் இதற்குப் ‘பிள்ளைக் காம்பரா’ என்றே பெயர், வெள்ளைக்காரத் தோட்டத் துரைகளுக்கே புரிந்த கணக்கு இது. தாய் கொழுந்து பறிக்க வேண்டுமானால் பிள்ளையை யாரோ பார்க்க வேண்டும்.) 2017இல் திருத்தப்பட்ட மகப்பேறு நலச் சட்டம், ஐம்பதும் அதற்கு மேலும் ஊழியர்கள் உள்ள நிறுவனங்களுக்குக் காப்பகத்தைக் கட்டாயமாக்கியது. நூறு நாள் வேலைக்கான 2005 சட்டமோ, வேலையிடத்துக்கு ஆறு வயதுக்கு உட்பட்ட ஐந்து குழந்தைகள் வந்தால் அவர்களைப் பார்த்துக்கொள்ள ஒரு பெண்ணை அமர்த்த வேண்டும் என்று எழுதி வைத்தது.

இவற்றில் எதுவும் வெங்காயக் களத்தைத் தொடுவதில்லை. அங்கே பத்துப் பதினைந்து பெண்கள் குவியலைச் சுற்றி உட்கார்ந்து தாளும் வேரும் அரிவார்கள். கூலி மூட்டைக் கணக்கு என்றால் கை நிற்காது. கொட்டகைக் கம்பில் பழைய சேலையில் தொட்டில் ஆடும். நடக்கப் பழகிய பிள்ளை அரிவாள்மனைப் பக்கம் வராமல் பார்க்க ஒரு கண்ணும், வாய்க்கால் பக்கம் போகாமல் பார்க்க இன்னொரு கண்ணும் வேண்டும். மலையடிவாரத் தோப்புகளில் யானைக்கும் பயப்பட வேண்டும். ஆகவே குழந்தை இருப்பவர் கூட்டி வருவதில்லை, வேலைக்கே வருவதில்லை.

அங்கன்வாடி இருக்கிறதே என்பது சரியான கேள்வி. தமிழ்நாட்டில் 54 ஆயிரத்துக்கும் மேற்பட்ட அங்கன்வாடி மையங்கள் இருக்கின்றன. இந்தியாவில் வேறு பல மாநிலங்கள் பொறாமைப்படும் ஏற்பாடு. ஆனால், கைக்குழந்தையை அங்கே விட முடியாது. மாலை ஆறு வரை அது திறந்திருப்பதும் இல்லை. களத்து வேலையும் கோவை நகரத்துக் கடை வேலையும் அங்கன்வாடி மணியைப் பார்த்து முடிவதில்லை. ஒப்பணக்கார வீதியில் ஒரு ஜவுளிக் கடையில் நிற்கும் பெண், தொண்டாமுத்தூருக்குக் கடைசி பஸ்ஸுக்குச் சற்று முந்தின பஸ்ஸைப் பிடித்தாலே அதிர்ஷ்டம்.

பஸ் விஷயத்தில் அரசு செய்தது பேர் சொல்லும் வேலை. 2021 மே முதல் சாதாரணக் கட்டண நகரப் பேருந்துகளில் பெண்களுக்குக் கட்டணம் இல்லை. அதனால் ஒரு பெண்ணுக்குச் சராசரியாக மாதம் 888 ரூபாய் மிச்சம் என்று மாநிலத் திட்டக் குழுவின் ஆய்வு கண்டது. 2023 செப்டம்பர் 15 முதல் மகளிர் உரிமைத் தொகை ஆயிரம். அரசுப் பள்ளியில் ஐந்தாம் வகுப்பு வரை காலை உணவு, 1982 முதல் பரவிய சத்துணவில் மதியச் சாப்பாடு. எல்லாம் சேர்ந்து ஒரு குழுக் கடனின் டியூவைத் தாங்கும் அளவுக்கு வருகிறது. இத்தனை செய்த மாநிலம், பஸ் ஏறப் போகிற பெண்ணின் இடுப்பில் இருக்கும் குழந்தையை மட்டும் கணக்கில் எடுக்காமல் விட்டிருப்பது வியப்புதான்.

பக்கத்து மாநிலம் கொஞ்சம் முந்திக்கொண்டது. கர்நாடகம் 2023இல் ‘கூசின மனே’ என்ற பெயரில் 4,000 கிராம ஊராட்சிகளில் கூலிப் பெண்களின் பிள்ளைகளுக்குக் காப்பகம் என்று அறிவித்தது. மத்திய அரசின் ‘பால்னா’ திட்டம் அங்கன்வாடியையே காப்பகமாகவும் நடத்த நிதி தருகிறது. கனடாவின் க்யூபெக் மாகாணம் 1997இல் நாளுக்கு ஐந்து டாலர் கட்டணத்தில் காப்பகங்களைத் தொடங்கியது. சிறு குழந்தைகளின் தாய்மார் வேலைக்குப் போவது அதன்பின் கண்கூடாகக் கூடியது. க்யூபெக் பணக்கார ஊர்தான். ஆனால் தொண்டாமுத்தூரில் கட்டடம் புதிதாகக் கட்ட வேண்டியதில்லை, சமையல் பாத்திரம் வாங்க வேண்டியதில்லை. நேரத்தை நீட்டி, கூடுதல் ஆள் போட்டால் போதும்.

அந்த ஆள் யார் என்பதில் கறாராக இருக்க வேண்டும். ஏற்கெனவே எடை பார்ப்பது, பதிவேடு, செல்போன் செயலி, தேர்தல் வேலை என்று எல்லாம் தலையில் விழும் அங்கன்வாடிப் பணியாளரிடம் “இன்னும் மூணு மணி நேரம் இருங்கம்மா” என்பது அநியாயம். இரண்டாவது ஷிப்டுக்குத் தனி ஆள், தனிச் சம்பளம். ஊரிலுள்ள சுயஉதவிக் குழுப் பெண்களில் பயிற்சி பெற்ற இருவருக்கு அந்த வேலையைக் கொடுத்தால், அந்த இரண்டு வீடுகளிலும் கடன் குறையும்.

கல்விச் செலவில் பெற்றோரும் ஒரு கணக்கை மறுபடி போட்டுப் பார்க்கலாம். கடன் வாங்கித் தனியார் பள்ளிக்கு அனுப்புவதை இந்தப் பகுதியில் கௌரவமாக நினைக்கிறார்கள். ஆறாம் வகுப்பு முதல் அரசுப் பள்ளியில் படித்த பெண்ணுக்குக் கல்லூரிக் காலத்தில் புதுமைப் பெண் திட்டத்தில் மாதம் ஆயிரம். பையனுக்குத் தமிழ்ப் புதல்வன், 2024 ஆகஸ்ட் 9 அன்று கோவையில்தான் தொடங்கப்பட்டது. மருத்துவப் படிப்பில் 7.5 சதவீத உள் ஒதுக்கீடும் அரசுப் பள்ளிப் பிள்ளைகளுக்கே. தனியார் பள்ளி என்றுதான் முடிவு என்றால், கட்டணத்தைப் பத்து மாதத் தவணையாக வாங்கச் சொல்லிப் பெற்றோர் கூட்டாகக் கேட்க வேண்டும். 2009ஆம் ஆண்டுச் சட்டப்படி அமைந்த கட்டண நிர்ணயக் குழு எவ்வளவு வாங்கலாம் என்று சொல்கிறது. எப்போது வாங்கலாம் என்பதையும் சேர்த்துச் சொன்னால், ஜூன் மாதத்து வட்டிக் கடைக் கூட்டம் பாதியாகும்.

இந்தக் கோரிக்கைகளை யாரிடம் கொண்டுபோவது என்பதில் ஒரு சிக்கல் இருக்கிறது. கோவை உள்ளிட்ட மாவட்டங்களில் ஊராட்சிகளின் பதவிக்காலம் 2025 ஜனவரியில் முடிந்து, நிர்வாகம் தனி அலுவலர்களின் கைக்குப் போனது. தொண்டாமுத்தூர் பேரூராட்சிக்கு 2022இல் தேர்ந்தெடுக்கப்பட்ட மன்றம் இருக்கிறது. ஆனால் அதன் பக்கத்தில் உள்ள தேவராயபுரமும் இக்கரை போளுவாம்பட்டியும் அப்படித் தனி அலுவலர் கைக்குப் போன ஊராட்சிகள். அங்கே தலைவர் நாற்காலி காலியாக இருந்தாலும், கிராம சபை கூடியே ஆக வேண்டும்: குடியரசு நாள், தண்ணீர் நாளான மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1 என ஆண்டுக்கு ஆறு முறை. தெருவிளக்கும் குடிநீரும் போலவே, அங்கன்வாடியை மாலை ஆறு வரை நீட்டுவதையும் தீர்மானமாக எழுதி, கையெழுத்துப் போட்டு, மாவட்ட ஆட்சியருக்கு அனுப்பலாம். மே 1 கூட்டம் அதற்குத் தோதானது. பள்ளி திறக்க அப்போது ஒரு மாதம் இருக்கும்.